விஞ்ஞானத் தவத்தில் இணைந்த இருவர்

1882-ஆம் ஆண்டு. வங்காளத்திலிருந்து ஓர் இளம்பெண் மருத்துவம் கற்பதற்காகச் சென்னைக்கு வந்தாள். கல்கத்தா மருத்துவக் கல்லூரி அப்போது பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரி சேர்த்துக்கொண்டது. வங்காள அரசின் உதவித்தொகையும் அவளுக்குக் கிடைத்திருந்தது. ஆனால் உடல்நலம் இடம் தரவில்லை. படிப்பை நிறைவு செய்யாமலே அவள் ஊர் திரும்ப நேர்ந்தது.

மருத்துவராக விரும்பிய அந்தப் பெண், பின்னாளில் ஒரு விஞ்ஞானியின் ஐம்பதாண்டுத் தவத்திற்குத் துணையாக நின்றாள். அவள் பெயர் அபலா. பிரம்ம சமாஜப் பிரமுகரும் பெண் கல்விக்காக உழைத்தவருமான துர்கா மோகன் தாஸின் மகள். அவள் கைப்பிடித்த விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ்.

ஊதியம் வாங்காத ஆசிரியர்

ஜகதீச சந்திரர் 1858-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் பிறந்தார். தந்தை பகவான் சந்திர போஸ் ஆங்கிலேய அரசில் துணை மாஜிஸ்திரேட்டாகப் பணியாற்றியவர். அத்தகைய பதவியில் இருந்தோர் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பிய காலம் அது. பகவான் சந்திரரோ மகனைத் தாய்மொழிப் பள்ளியில் சேர்த்தார். அங்கே மீனவர், உழவர், பணியாளர் வீட்டுப் பிள்ளைகள் ஜகதீசரின் அருகில் அமர்ந்து படித்தனர். செடி கொடிகளையும் பறவைகளையும் பற்றி அவர்கள் சொன்ன கதைகள்தாம் இயற்கையின்மீது அவருக்கு ஆர்வத்தை விதைத்தன.

பின்னர் கல்கத்தா தூய சேவியர் கல்லூரியில் பாதிரியார் லாஃபோன் அவருக்கு இயற்பியலில் ஈடுபாட்டை உண்டாக்கினார். 1880-இல் மருத்துவம் படிக்க இங்கிலாந்து சென்றார். அவருக்கும் நோயே குறுக்கே நின்றது. மருத்துவத்தை விட்டு, கேம்பிரிட்ஜில் இயற்கை விஞ்ஞானம் பயின்றார். ராலே பிரபு அவருடைய ஆசிரியராக வாய்த்தார். மருத்துவராக விரும்பி நோயால் தடுக்கப்பட்ட இருவரைக் காலம் பிறகு ஒன்று சேர்த்தது.

1885-இல் தாயகம் திரும்பி, கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியரானார். அங்கே ஒரு சோதனை காத்திருந்தது. ஐரோப்பியப் பேராசிரியருக்குரிய ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. அதிலும் ஜகதீசரின் நியமனம் தற்காலிகமானது என்று கூறி, பாதியைக் குறைத்தார்கள். ஆக, ஒரே பணிக்கு மூன்றில் ஒரு பங்கு. அவர் கூச்சலிடவில்லை, வேலையை உதறவும் இல்லை. ஒவ்வொரு மாதமும் ஊதியத்தைப் பெற மறுத்து, கற்பிக்கும் கடமையை மட்டும் குறைவின்றிச் செய்துவந்தார். இது மூன்று ஆண்டுகள் நீடித்தது.

அந்த மூன்று ஆண்டுகளின் நடுவில், 1887-இல், அபலாவுக்கும் அவருக்கும் திருமணம் நடந்தது. தந்தையார் மக்கள் நலனுக்காகத் தொடங்கிய முயற்சிகள் பல நொடித்துப்போய்க் குடும்பம் கடனில் மூழ்கியிருந்தது. வருமானம் இல்லாத கணவர், கடன்பட்ட குடும்பம் - இவையே மணப்பெண்ணை வரவேற்றன. செல்வாக்கு மிக்க வீட்டில் வளர்ந்த அபலா இதற்காக முகம் சுளித்ததாகச் செய்தி இல்லை. கல்கத்தாவில் வசிக்க வசதியின்றித் தம்பதியர் சந்திரநாகூரில் ஆற்றங்கரை வீடொன்றில் குடியிருந்தனர். ஜகதீசர் கல்லூரிக்குப் புறப்படும்போது ஹூக்ளி நதியைச் சிறு படகில் கடப்பார்; படகை மீண்டும் இக்கரைக்கு ஓட்டி வருபவர் அபலா.

இறுதியில் அரசு பணிந்தது. முழு ஊதியம் வழங்க இசைந்ததோடு, மூன்றாண்டுகளுக்கும் சேர்த்துப் பாக்கியைக் கொடுத்தது. அந்தத் தொகை தந்தையின் கடனைத் தீர்க்கப் போயிற்று.

சிறு அறையில் பிறந்த பேரலை

1894-ஆம் ஆண்டு, தமது முப்பத்தாறாவது பிறந்தநாளில், இனி வாழ்வை ஆராய்ச்சிக்கே அர்ப்பணிப்பது என்று ஜகதீசர் உறுதி பூண்டார். கல்லூரியில் ஆராய்ச்சிக்கூடம் கிடையாது. குளியலறையை ஒட்டிய ஒரு சிற்றறைதான் கிடைத்தது. தகர வேலை செய்யும் உள்ளூர்த் தொழிலாளி ஒருவர், இவர் சொல்லச் சொல்லக் கருவிகளைச் செய்து கொடுத்தார். அவற்றைக் கொண்டு, ஐந்து மில்லிமீட்டர் அளவே நீளமுள்ள மின்காந்த அலைகளை ஜகதீசர் உண்டாக்கினார். முறுக்கிய சணல் நாரைக்கூட அந்த அலைகளின் தன்மையை அறியும் கருவியாக்கிக்கொண்டார். 1895-இல் கல்கத்தா நகர மண்டபத்தில், கண்ணுக்குத் தெரியாத அவ்வலைகள் சுவர்களை ஊடுருவிச் சென்று மணியை ஒலிக்கச் செய்ததையும் வெடிமருந்தைப் பற்றவைத்ததையும் மக்கள் வியந்து பார்த்தனர்.

மறு ஆண்டு தம்பதியர் இங்கிலாந்து சென்றனர். 1896 செப்டம்பரில் லிவர்பூல் நகரில் கூடிய விஞ்ஞானிகள் மாநாட்டில் ஜகதீசர் தமது கருவிகளை இயக்கிக் காட்டினார். அவையில் அமர்ந்திருந்தவர் கெல்வின் பிரபு. அன்றைய இயற்பியல் உலகின் பெரியவர். விளக்கம் முடிந்ததும் அம்முதியவர் காலைச் சாய்த்து நடந்தபடி, பெண்கள் அமர்ந்திருந்த மாடிக்கு ஏறிச் சென்று, அபலாவின் கைகளைப் பற்றிக் கணவரின் சாதனைக்காக வாழ்த்தினார். 1897 ஜனவரி 29-ஆம் நாள் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் வெள்ளிக்கிழமை மாலைச் சொற்பொழிவு ஆற்றும் பெருமையும் ஜகதீசருக்குக் கிட்டியது.

பாரிசில் சுவாமிஜி

ஜகதீசரின் ஆய்வு இதன்பின் வேறு திசையில் திரும்பியது. அலைகளை ஏற்கும் உலோகக் கருவி தொடர்ந்து வேலை செய்தால் களைப்படைவதையும், ஓய்வு கொடுத்தால் மீண்டும் உணர்ச்சி பெறுவதையும் அவர் கண்டார். உயிருள்ள தசையும் இவ்வாறே நடந்துகொள்கிறது. தாவரத்தில் சோதித்தபோது அங்கும் அதே வகைத் துலங்கல் தோன்றியது. உயிருள்ளது, உயிரற்றது என்று நாம் போட்டு வைத்திருக்கும் எல்லைக்கோடு அவ்வளவு அழுத்தமானதுதானா என்ற வினா அவருள் எழுந்தது. பலவாகத் தோன்றுவதன் பின்னே ஒருமையைத் தேடிய உபநிடத ரிஷிகளின் வினாவுக்கு இது தூரத்து உறவு அன்று.

1900-இல் பாரிசில் நடந்த சர்வதேச இயற்பியல் மாநாட்டில் இதை அவர் எடுத்துரைத்தார். அப்போது சுவாமி விவேகானந்தரும் பாரிசில் இருந்தார். பல நாட்டு அறிஞர்களின் நடுவே தாயகத்தின் பெயரை ஒரு வங்க இளைஞர் நிலைநாட்டியதைக் கண்டு சுவாமிஜி பேருவகை கொண்டார். தமது பயணக் குறிப்புகளில் அவர் ஜகதீசரைப் போற்றியதோடு நிற்கவில்லை. உடனிருந்த அபலாவையும் சேர்த்தே போற்றி எழுதினார்.

அதே ஆண்டு இறுதியில் ஜகதீசர் கடுமையாக நோயுற்று லண்டனில் அறுவைச் சிகிச்சை செய்துகொள்ள நேரிட்டது. கடல் கடந்த நாட்டில் கணவரின் படுக்கையருகே இருந்த அபலாவுக்கு அப்போது கைகொடுத்தவர் சகோதரி நிவேதிதை. விம்பிள்டனில் இருந்த நிவேதிதையின் தாயார் வீடு அவர்களுக்குப் புகலிடமாயிற்று. சுவாமிஜியின் அமெரிக்கச் சிஷ்யையான சாரா புல் அம்மையாரும் அன்னையைப் போல் ஆதரித்தார்.

மறுப்பும் மறுத்தலும்

1901-ஆம் ஆண்டு அவருடைய வாழ்வின் பெரும் சோதனைக் காலம். ஜூன் மாதம் ராயல் சொசைட்டியில் தமது சோதனைகளை விளக்கினார். உடலியங்கியல் துறையின் மூத்த அறிஞர் பர்டன் சாண்டர்சன் எழுந்து, சாதாரணத் தாவரங்களில் மின் துலங்கல் இருக்க இயலாது என்றார். கட்டுரையின் தலைப்பில் உள்ள சொல்லையும் மாற்றும்படி கூறினார். சோதனையில் பிழை காட்டினால் திருத்திக்கொள்ளத் தயார், பெரியவர் ஒருவர் சொன்னார் என்பதற்காக மாற்ற இயலாது என்பதே ஜகதீசரின் நிலை. விளைவு, கட்டுரை வெளியிடப்படாமல் காப்பறைக்குப் போயிற்று.

அவர் முன் அப்போது மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, பணிந்து போதல். மற்றொன்று, ஊர் திரும்புதல். மூன்றாவது, விடுப்பை நீட்டித்து, தங்கிப் போராடுதல். அவர் மூன்றாவதைத் தேர்ந்தார். ரவீந்திரநாத தாகூரின் முயற்சியால் திரிபுரா மன்னர் ராதாகிஷோர் மாணிக்கியர் பொருளுதவி செய்தார். 1902-இல் லின்னேயன் சொசைட்டி அவருடைய ஆய்வை ஏற்று வெளியிட்டது. அதே ஆண்டில் அவருடைய முதல் நூலும் வந்தது. அதையும், 1906, 1907-ஆம் ஆண்டுகளில் வந்த பெருநூல்களையும் ஆங்கிலத்தில் செப்பனிட இரவு பகலாக உழைத்தவர் நிவேதிதை.

பணத்தின் அழைப்பும் அக்காலத்தில் வந்தது. தந்தி நிறுவனம் ஒன்றின் அதிபரான செல்வந்தர், கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெற்று லாபத்தைப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்று வற்புறுத்தினார். ஜகதீசர் இசையவில்லை. ஞானத்தை விற்பனைப் பொருளாக்குவது அவருக்கு உடன்பாடன்று. நிவேதிதையும் சாரா புல் அம்மையாரும் வலியுறுத்தியதால் 1901-இல் விண்ணப்பித்து, 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை ஒன்று அவர் பெயருக்குக் கிடைத்தது. அதையும் அவர் பயன்படுத்தாமலே காலாவதியாக விட்டுவிட்டார். இங்கிலாந்தில் பேராசிரியர் பதவி ஏற்குமாறு வந்த அழைப்பையும் ஏற்கவில்லை. குளியலறையை ஒட்டிய அந்தச் சிற்றறைக்கே திரும்பினார்.

யாத்திரைகள்

போஸ் தம்பதியருக்கு விடுமுறை என்றால் யாத்திரை. அஜந்தா, சாஞ்சி, தென்னாட்டுக் கோயில்கள் என்று பாரதத்தின் பழம்பெரும் இடங்களைத் தேடிச் சென்றனர். 1904-இல் நிவேதிதை, தாகூர் முதலியோருடன் புத்தகயைக்கும், 1910-இல் நிவேதிதையுடன் கேதார்நாத், பத்ரிநாத்துக்கும் சென்றனர். இமயமலையில் உள்ள மாயாவதி அத்வைத ஆசிரமத்தில் தங்கி எழுத்துப் பணி செய்ததும் உண்டு. 1911 அக்டோபர் 13-ஆம் நாள் டார்ஜிலிங்கில், போஸ் தம்பதியர் தங்கியிருந்த ராய் வில்லா இல்லத்தில் நிவேதிதை உடல் நீத்தார். நோயின்போது அருகிலிருந்து பணிவிடை செய்தவர் அபலா. விம்பிள்டனில் பெற்ற அன்பை அவர் டார்ஜிலிங்கில் திருப்பிச் செலுத்தினார் என்று கூறலாம்.

வெளிநாட்டுப் பயணங்களிலும் அபலா வெறும் துணையாக மட்டும் செல்லவில்லை. கண்டதையெல்லாம் வங்கச் சிறுவர்களுக்காக முகுல் என்னும் பத்திரிகையில் எழுதினார். 1914, 1915-ஆம் ஆண்டுகளில் தம்பதியர் ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் ஆகிய நாடுகளைச் சுற்றி வந்தனர். தொட்டாற்சுருங்கி, தொழுகன்னி ஆகிய செடிகளும் அவர்களுடன் கப்பலேறின. குளிரில் வாடாமல் அவற்றைக் காப்பதே பெரும் பாடாயிற்று. ஜகதீசர் உலகத்துக்குத் தாவரத்தின் உணர்வைக் காட்டிக்கொண்டிருக்க, அபலா அந்தந்த நாடுகளில் பெண்கள் எவ்வாறு கற்கிறார்கள் என்று கவனித்து வந்தார். ஜப்பானில் கண்ட பெண் கல்வி அவர் உள்ளத்தை ஆழமாகத் தொட்டது.

இரண்டு கோயில்கள்

1917 நவம்பர் 30. தமது ஐம்பத்தொன்பதாவது பிறந்தநாளில் ஜகதீசர் கல்கத்தாவில் போஸ் விஞ்ஞான நிலையத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். அதற்கு அவர் இட்ட வங்கப் பெயரில் மந்திர் என்ற சொல் உண்டு. அவருக்கு அது கோயில். பிறர் நலத்திற்காகத் தம் எலும்பையே ஈந்த ததீசி முனிவரை நினைவூட்டும் வஜ்ராயுதம் அதன் சின்னமாயிற்று. நுழைவாயிலருகே, கையில் விளக்கேந்திச் செல்லும் பெண்ணின் சிற்பம் நிவேதிதையின் நினைவாக வைக்கப்பட்டது. 1920-இல், முன்பு கட்டுரையை ஒதுக்கிய அதே ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது.

அபலாவும் தம் கோயிலைக் கட்டினார். 1919-இல் பெண் கல்விக்கென நாரி சிக்ஷா சமிதியைத் தொடங்கினார். அதன்மூலம் வங்கத்தின் கிராமங்களில் பள்ளிகள் எழுந்தன. ஆதரவற்ற விதவையர் கற்று, ஆசிரியைகளாகித் தம் காலில் நிற்பதற்காக 1925-இல் வித்யாசாகர் வாணி பவனத்தை நிறுவினார். மருத்துவம் கற்க இயலாமல் சென்னையிலிருந்து திரும்பிய பெண், கற்கும் வாயிலை ஆயிரக்கணக்கானோருக்குத் திறந்துவிட்டார்.

1937 நவம்பர் 23-ஆம் நாள் கிரீடியில் ஜகதீசர் மறைந்தார். அபலா 1951 வரை வாழ்ந்து, தம் பணியைத் தொடர்ந்தார்.

விஞ்ஞானம் எவரையும் வழிபடுவதில்லை, சோதித்தே ஏற்கும். மரத்தில் நீர் மேலேறுவது பற்றிய ஜகதீசரின் விளக்கத்தைப் பின்வந்தோர் ஏற்கவில்லை. ஆனால் தாவரங்களுக்குள் மின் சமிக்ஞைகள் ஓடுகின்றன என்பது இன்று ஐயமற நிறுவப்பட்ட உண்மை. அவருடைய மில்லிமீட்டர் அலை ஆய்வு பொறியியல் வரலாற்றின் மைல்கல் என்று மின், மின்னணுப் பொறியாளர்களின் சர்வதேச அமைப்பு 2012-இல் அறிவித்தது. நிவேதிதை உடல் நீத்த ராய் வில்லா 2013-இல் ராமகிருஷ்ண மிஷனிடம் ஒப்படைக்கப்பட்டது.

பலனைக் கருதாமல் கடமையைச் செய் என்பது எளிதில் சொல்லக்கூடிய உபதேசம். ஊதியம் வராத மாதத்தில் வகுப்புக்குச் சென்றவரும், அவரை அக்கரையில் இறக்கிவிட்டு, தனியே படகை ஓட்டி வந்தவரும் அதை வாழ்ந்து காட்டினர்.