கண்ணுக்குள் நெளிந்த நாடாப்புழு… 170 ஆண்டுகளுக்கு முன்பே பார்த்த ‘கண்’ டாக்டர்! யார் இந்த கிரேஃபே?

இருட்டு அறை. ஒரே ஒரு விளக்கு. எதிரே உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்குள் சிறிய கண்ணாடி வழியே எட்டிப் பார்க்கிறார் இளம் டாக்டர். விழித்திரைக்கு முன்னால் நீலம் கலந்த வெள்ளையில் ஒரு குமிழி. கொஞ்ச நேரத்தில் அந்தக் குமிழியின் ஓரம் அசைகிறது. உள்ளேயிருந்து ஒரு குட்டித் தலை வெளியே நீண்டு, திரும்ப உள்ளே போகிறது. உயிரோடு இருக்கும் புழு!

இடம், ஜெர்மனியின் பெர்லின். காலம் 1850கள். அந்த டாக்டர் ஆல்பிரெக்ட் ஃபான் கிரேஃபே. இன்றைய கண் மருத்துவத்தின் தந்தை என்று உலகமே கொண்டாடும் மனிதர்.

1828 மே 22ஆம் தேதி பெர்லினில் பிறந்தார். அப்பா கார்ல் ஃபெர்டினாண்ட் பெரிய அறுவை சிகிச்சை நிபுணர். நெற்றித் தோலை எடுத்து மூக்கு அமைக்கும் நம் இந்திய முறையை ஐரோப்பாவுக்கு அறிமுகம் செய்தவர்களில் அவரும் ஒருவர். மகனுக்கு 12 வயதாகும்போதே அப்பா இறந்துவிட்டார். ஆனாலும் பையன் படிப்பில் படு சுட்டி. 19 வயதில் டாக்டர் பட்டம்! பிறகு பிராக், பாரிஸ், வியன்னா, லண்டன் என்று ஊர் ஊராகப் போய் கண் மருத்துவம் கற்றுக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து ஒரு அதிசயம் நடந்தது. 1851ல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற விஞ்ஞானி, உயிரோடு இருப்பவரின் கண்ணுக்குள் பார்க்க உதவும் ஆப்தல்மாஸ்கோப் கருவியை உலகுக்குச் சொன்னார். அதுவரை கண்ணின் உட்புறம் டாக்டர்களுக்கு வெறும் இருட்டு. நோயாளிக்கும் ஒன்றும் தெரியாது, டாக்டருக்கும் ஒன்றும் தெரியாது என்ற நிலைமைதான். கிரேஃபே அந்தக் கருவியை விடாமல் பிடித்துக்கொண்டார். பெர்லினில் சொந்த கிளினிக் திறந்தார். ஏழைகளுக்குக் கட்டணம் கிடையாது. கூட்டம் அலைமோதியது.

கண் அழுத்த நோயான கிளாக்கோமா வந்தால் பார்வை போனது போனதுதான் என்றிருந்த காலத்தில், கருவிழிப்படலத்தில் ஒரு சிறு துண்டை வெட்டி எடுத்தால் பார்வையைக் காப்பாற்றலாம் என்று 1857ல் அறிவித்தார். கண்புரை ஆபரேஷனுக்கு அவர் வடிவமைத்த மெல்லிய கத்திக்கு இன்றும் அவர் பெயர்தான். இதெல்லாம் தனிக் கதை. நாம் புழுவுக்கு வருவோம்.

கண்ணுக்குள் புழு எப்படி வந்தது?

அது பன்றி நாடாப்புழுவின் இளம் பருவம். பெயர் சிஸ்டிசெர்கஸ். கிரேஃபேயிடம் வந்த நோயாளிகளில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவருக்கு இது இருந்தது. இன்று ஒரு கண் டாக்டரிடம் இதைச் சொன்னால் ஆச்சரியப்படுவார். கிரேஃபே கத்தியால் கண்ணைத் திறந்து புழுவை வெளியே எடுத்துப் பார்த்தார். சிலருக்குக் கண் தப்பியது. பலருக்கு, புழு சாகும்போது ஏற்படும் அழற்சியில் பார்வையே போனது.

1855ல் கியூகென்மைஸ்டர் என்ற இன்னொரு ஜெர்மன் டாக்டர், மரண தண்டனைக் கைதி ஒருவரின் உணவில் பன்றி இறைச்சியிலிருந்த நீர்க்கட்டிகளை அவருக்கே தெரியாமல் கலந்தார். தண்டனை நிறைவேறிய பிறகு குடலைத் திறந்து பார்த்தால், உள்ளே குட்டி நாடாப்புழுக்கள்! இன்று செய்தால் டாக்டரே ஜெயிலுக்குப் போக வேண்டிய வேலை. ஆனால் கட்டியும் நாடாப்புழுவும் ஒன்றே என்பது அதில் உறுதியானது.

இங்கேதான் பலரும் குழம்புவது. சரியாக வேகாத பன்றி இறைச்சியைச் சாப்பிட்டால் குடலில்தான் நாடாப்புழு வளரும். கண்ணில் கட்டி வருவது அந்தப் புழுவின் முட்டையால். நாடாப்புழு உள்ளவரின் மலத்திலிருந்து முட்டைகள் மண்ணுக்கும் தண்ணீருக்கும் போய், கழுவாத காய்கறி, கழுவாத கை வழியே இன்னொருவர் வயிற்றுக்குள் போகும். அங்கிருந்து ரத்தத்தில் ஏறி மூளை, தசை, கண் என்று எங்கும் தங்கும். ‘நான் சுத்த சைவம், எனக்கு எப்படி வரும்?’ என்று கேட்காதீங்க, வரும்.

இன்று என்ன சிகிச்சை?

இந்தியாவில் இந்தக் கட்டி, கண்ணைச் சுற்றியுள்ள விழிக்குழியில், அதாவது கண்ணை அசைக்கும் தசைகளில்தான் அதிகம் வருகிறது. கண் வீங்கும், வலிக்கும், முன்னால் பிதுங்கும், ஒன்று இரண்டாகத் தெரியும். ஸ்கேன் எடுத்தால் கட்டிக்குள் புழுவின் தலை ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். இதற்குப் பெரும்பாலும் கத்தி வேண்டாம். ஆல்பெண்டசோல் மாத்திரையோடு ஸ்டீராய்டும் சேர்த்து சுமார் 4 வாரம் கொடுக்கிறார்கள். பூச்சி மாத்திரைதானே என்று கடையில் வாங்கிப் போட்டுக்கொள்வது ஆபத்து. மூளையிலும் விழிக்குள்ளும் கட்டி இருக்கிறதா என்று முதலில் பார்த்தாக வேண்டும். அங்கே புழு திடீரென்று செத்தால் வீக்கம் விபரீதமாகும். விழிக்குள் இருக்கும் கட்டிக்கு இன்றும் கிரேஃபே காட்டிய வழிதான், ஆபரேஷன். கருவிகள் மட்டும் மாறிவிட்டன.

நாயிடமிருந்து பரவும் ஹைடாடிட் கட்டி வேறு ரகம். விழிக்குழியில் அது வந்தால், உடையாமல் அப்படியே எடுக்க டாக்டர்கள் படாதபாடு படுவார்கள்.

கிரேஃபேயின் உடலைக் காசநோய் அரித்துக்கொண்டிருந்தது. இருமிக்கொண்டே ஆபரேஷன் செய்தார், பாடம் நடத்தினார். 1870 ஜூலை 20ஆம் தேதி இறந்தார். வயது 42தான். அதற்கு முந்தைய நாள்தான் பிரான்ஸ் போர் அறிவித்திருந்ததால், நாடே வேறு பரபரப்பில் இருந்தது.

அதே பெர்லினில் விர்ஷோ என்ற டாக்டர், இறைச்சியைச் சோதித்த பிறகே விற்க வேண்டும், நகருக்குக் கழிவுநீர்க் குழாய் வேண்டும் என்று பல ஆண்டுகள் விடாமல் போராடினார். 1880களில் பெர்லினின் இறைச்சிக் கூடங்களில் சோதனை கட்டாயமானது. நாடாப்புழு உள்ளவர்கள் குறைந்தார்கள், முட்டையும் குறைந்தது. கிரேஃபேயின் சீடர் ஹிர்ஷ்பெர்க் தன் கிளினிக்கில் வருஷா வருஷம் கணக்கெடுத்துக்கொண்டே வந்தார். நூற்றாண்டு முடியும் நேரத்தில், குருவிடம் அத்தனை பேர் வந்த அந்த நோயோடு அவரிடம் வந்தவர்கள் அபூர்வம்.

பெர்லின் ஷாரிட்டே மருத்துவமனை ஓரத்தில் 1882 முதல் கிரேஃபே சிலையாக நிற்கிறார். கையில், அதே ஆப்தல்மாஸ்கோப்.