ஐஸ்கிறீம் உருகிய ஏரியும் மயிலிட்டிக் கரையும்

மயிலிட்டிக் கரையில், திருத்திப் பூட்டிய படகு இயந்திரம் ஒன்று தண்ணீர்ப் பீப்பாவுக்குள் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு ஸ்ட்ரோக் வகை. பிஸ்டனும் ரிங்குகளும் புதியவை, கடன் வாங்கிப் போட்டவை. 1990 இல் இடம்பெயர்ந்து, 2017 இல் துறைமுகம் விடுவிக்கப்பட்ட பின் திரும்பிய அண்ணை ஒருவருடையது அது. வழக்கமாக 50 பங்கு எரிபொருளுக்கு 1 பங்கு ஒயில் கலப்பவர், அன்று 25க்கு 1 கலந்திருந்தார்.

அவருக்குப் பக்கத்தில் இருந்தபோதுதான் ஓலே எவின்ரூட் நினைவுக்கு வந்தார்.

1877 இல் நோர்வேயில் பிறந்தவர். சிறுவயதிலேயே குடும்பம் அமெரிக்காவின் விஸ்கொன்சினுக்குக் குடிபெயர்ந்தது. பள்ளிப் படிப்பு அதிகமில்லை. பட்டறைகளில்தான் தொழில் கற்றார். 1906 கோடையில், ஏரிக்கரை உல்லாசப் பயணத்தில், காதலி பெஸ் ஐஸ்கிறீம் கேட்டாராம். ஓலே துடுப்பு வலித்துப் போய் வாங்கி வருவதற்குள் அது உருகிவிட்டதாம். இந்தக் கதைக்கு விற்பனைக்காரர்கள் கொஞ்சம் மெருகூட்டியிருக்கலாம். படகின் பின்புறத்தில் பூட்டும் இயந்திரத்தை முதலில் செய்தவரும் அவரல்லர். ஆனால் 1909 இல் அவர் விற்கத் தொடங்கிய, 28 கிலோ நிறையும் ஒன்றரைக் குதிரைவலுவும் கொண்ட இயந்திரம்தான் பரவலாக மக்கள் கைக்குப் போனது.

விளம்பரமும் கணக்கும் பெஸ்ஸின் பொறுப்பு. அவரது உடல்நிலை குலைந்ததும், வளர்ந்துகொண்டிருந்த நிறுவனத்தில் தன் பங்கை ஓலே விற்றார். சில ஆண்டுகள் இத்தொழிலில் போட்டியிடுவதில்லை என்ற உடன்பாட்டுக்கும் கட்டுப்பட்டார். அவருடைய பெயர் பிறர் கைக்குப் போயிருந்தது. காலக்கெடு முடிந்ததும், அலுமினியத்தில் இரட்டைச் சிலிண்டர் கொண்ட, முன்னையதைவிடப் பாரம் குறைந்த இயந்திரத்தோடு 1921 இல் மீண்டும் சந்தைக்கு வந்தார். 1929 இல் நடந்த நிறுவன இணைப்பில் பழைய பெயரும் அவரிடம் திரும்பியது. பெஸ் 1933 இல் இறந்தார். அடுத்த ஆண்டே ஓலேயும், 57 வயதில்.

பீப்பாவுக்குள் தண்ணீர் சூடாகிவிட்டிருந்தது. அண்ணை அதை மாற்றினார். புது ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு இன்னும் பொருந்தவில்லை. இப்போதே முழு வேகம் கொடுத்தால் சூடேறிப் பிடித்துவிடும், கடனும் கடலோடு போகும் என்றார். முதல் 10 மணித்தியாலம் வேகத்தைக் கூட்டிக் குறைத்து, கரையோரமாகவே ஓட்டவேண்டுமாம். மறுநாள் விடிய வள்ளத்தில் பூட்டுவதாகச் சொன்னார். சவளையும் மறக்காமல் ஏற்றிவைத்திருந்தார்.