ஆலன் பி. வில்சன்

ஆலன் பெஞ்சமின் வில்சன் (1823 – ஏப்ரல் 29, 1888) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த கண்டுபிடிப்பாளர் ஆவார். தையல் இயந்திரத்தின் சுழல் கொக்கி, இடம்பெயராப் பாபின், துணியை நகர்த்தும் நான்கு அசைவுப் பொறியமைப்பு ஆகியவற்றை இவர் உருவாக்கினார். தையல் இயந்திர வரலாற்றில் எலியாஸ் ஹோவ், ஐசக் சிங்கர் ஆகியோரின் பெயர்களே பரவலாக அறியப்பட்டுள்ளன. எனினும் இன்றைய இயந்திரங்களில் ஊசிக்குக் கீழே நிகழும் வேலையின் பெரும்பகுதி வில்சனின் கருத்துகளையே அடிப்படையாகக் கொண்டது.

இளமைக்காலம்

வில்சன் நியூயார்க் மாநிலத்திலுள்ள வில்லட் என்னும் ஊரில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். பின்னர் மரத் தளவாடங்கள் செய்யும் தச்சுத் தொழிலைக் கற்றார். 1847ஆம் ஆண்டில் மிச்சிகன் மாநிலத்தின் ஏட்ரியன் நகரில் தச்சராக இருந்தபோது, துணி தைக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்யும் எண்ணம் இவருக்குத் தோன்றியது. எலியாஸ் ஹோவ் 1846ஆம் ஆண்டிலேயே தமது தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமம் பெற்றிருந்தார். ஆயினும் தொலைவில் நடந்த இம்முயற்சிகளை வில்சன் அப்போது அறிந்திருக்கவில்லை எனக் கருதப்படுகிறது.

முதல் இயந்திரமும் இழப்பும்

நோயிலிருந்து மீண்டபின் வில்சன் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் பிட்ஸ்ஃபீல்டு நகருக்குக் குடிபெயர்ந்தார். 1848 இறுதியில் இயந்திரத்தின் வரைபடங்களை முடித்து, அடுத்த ஆண்டில் இயந்திரத்தையும் செய்தார். இது மேல்நூல், கீழ்நூல் என்னும் இரு நூல்களைத் துணிக்குள் கோத்துப் பூட்டும் தையலை இட்டது. ஊசி துணியைத் துளைத்துக் கீழே விடும் நூல் வளையத்தின் ஊடே, கீழ்நூலைச் சுமந்தபடி ஓர் ஓடம் சென்றது. நெசவுத் தறியின் ஓடத்தைப் போன்ற இதற்கு இருமுனைகளும் கூராக இருந்தன. ஆகவே போகும்போது ஒரு தையல், திரும்பும்போது ஒரு தையல் என இரு திசைகளிலும் தையல் விழுந்தது. ஹோவின் ஓடம் ஒரு திசையில் மட்டுமே தைத்தது.

இருமுனை ஓடம் தங்களுக்கு உரியது என வேறொரு காப்புரிமத்தின் உரிமையாளர்கள் கோரினர். அக்கோரிக்கைக்கு அடிப்படை இல்லை எனப் பிற்கால ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். ஆனால் வழக்காடுவதற்கு வில்சனிடம் பணம் இல்லை. 1850 நவம்பர் 12 அன்று வழங்கப்பட்ட தமது முதல் காப்புரிமத்தில் பாதியை விட்டுக்கொடுத்தார். அதே மாதம் 25ஆம் நாள் எஞ்சிய பங்கின் பெரும்பகுதியையும் 2,000 டாலருக்கு விற்க ஒப்புக்கொண்டார். அத்தொகையும் முழுமையாக இவர் கைக்கு வரவில்லை.

சுழல் கொக்கியும் பாபினும்

இக்காலத்தில் கனெக்டிகட் மாநிலத்தின் வாட்டர்டவுன் நகரைச் சேர்ந்த தொழில்முனைவர் நதேனியல் வீலர் வில்சனின் இயந்திரத்தைக் கண்டு, இவரைத் தம் ஊருக்கு அழைத்துக்கொண்டார். ஓடத்தைப் பற்றிய சிக்கல் தீராத நிலையில், வில்சன் ஓடத்தையே கைவிட்டு வேறு வழியைத் தேடினார். இதன் விளைவே சுழல் கொக்கி ஆகும். இதற்கான காப்புரிமம் 1851 ஆகஸ்ட் 12 அன்று வழங்கப்பட்டது. ஐசக் சிங்கரின் முதல் தையல் இயந்திரக் காப்புரிமமும் அதே நாளில் வழங்கப்பட்டது குறிப்பிடத்தக்கது.

இம்முறையில் கீழ்நூல் மேல்நூலின் வளையத்தைத் தேடிச் செல்வதில்லை. சுழலும் கொக்கி மேல்நூலின் வளையத்தைப் பற்றி விரித்து, கீழ்நூல் சுற்றிய பாபினின் மீது கடத்தி மறுபக்கம் விடுகிறது. ஓடம் நூலுக்குள் நுழைவதற்குப் பதிலாக நூல் பாபினைச் சுற்றிவருகிறது. முதல் வடிவில் பாபின் முன்னும் பின்னும் அசைந்தது. அசையும் பாபினைக் குறித்தும் வழக்கு எழக்கூடும் என்பதால் வில்சன் பாபினை ஓரிடத்தில் நிறுத்தினார். இதற்கு 1852 ஜூன் 15 அன்று காப்புரிமம் கிடைத்தது. முன்பின் ஓடும் உறுப்பு நீங்கியதால் இயந்திரம் குறைந்த இரைச்சலுடன் விரைவாகத் தைத்தது. பாபினும் நீண்ட வடிவத்தை விட்டுத் தட்டையான வட்டு வடிவம் பெற்றது.

1854 டிசம்பர் 19 அன்று வில்சன் மற்றொரு முக்கியக் காப்புரிமத்தைப் பெற்றார். பல்லுள்ள சட்டம் ஒன்று மேலெழுந்து துணியைப் பற்றி, முன்னே நகர்த்தி, கீழிறங்கி, பழைய இடத்துக்குத் திரும்பும். இந்த நான்கு அசைவுகளால் துணியை எத்திசையிலும் திருப்பித் தைக்க முடிந்தது. இப்பற்களை இன்றும் தையல் இயந்திரங்களில் காணலாம்.

வீலர் அண்டு வில்சன் நிறுவனம்

1853ஆம் ஆண்டில் வீலர் அண்டு வில்சன் உற்பத்தி நிறுவனம் அமைக்கப்பட்டது. அவ்வாண்டு 799 இயந்திரங்களைச் செய்த இந்நிறுவனம், 1872ஆம் ஆண்டில் 1,74,088 இயந்திரங்களைச் செய்தது. 1856ஆம் ஆண்டில் ஹோவ், சிங்கர் நிறுவனம், குரோவர் அண்டு பேக்கர் நிறுவனம் ஆகியோருடன் இந்நிறுவனமும் சேர்ந்து காப்புரிமங்களைப் பொதுவில் வைத்துக்கொண்டது. இக்கூட்டமைப்பு 1877 வரை நீடித்தது. உடல்நலக் குறைவால் வில்சன் 1853ஆம் ஆண்டிலேயே அன்றாடப் பணிகளிலிருந்து விலகி, வாட்டர்பரி நகரில் வாழ்ந்தார்.

முன்சுற்றிய பாபின்கள்

வில்சனின் அமைப்புக்கு ஓர் இயல்பான வரம்பு உண்டு. மேல்நூலின் வளையம் ஒவ்வொரு தையலிலும் பாபினை முழுவதும் சுற்றிவர வேண்டும். எனவே பாபினை விரும்பிய அளவுக்குப் பெரிதாக்க இயலாது. மேல்நூல் கண்டில் ஆயிரக்கணக்கான மீட்டர் நூல் இருக்கலாம். கீழ்நூலோ சிறு வட்டுக்குள் அடங்க வேண்டும். பழனிக்கு அருகிலுள்ள ஆயக்குடியின் தையல்காரரும் பெரிய ஆடைத் தொழிற்சாலையும் ஒருங்கே எதிர்கொள்ளும் தடை இது. பாபின் தீர்ந்ததைக் கவனிக்காவிட்டால், ஊசி துணியைத் துளைத்துக்கொண்டே போகும், தையல் விழாது.

இத்தடையைக் குறைப்பதற்கே தொழிற்சாலையில் நூல் சுற்றி விற்கப்படும் முன்சுற்றிய பாபின்கள் பயன்படுகின்றன. இவற்றில் நூல் சீரான இழுவிசையில் நெருக்கமாகச் சுற்றப்பட்டிருக்கும். சிலவற்றுக்கு அட்டைப் பக்கங்கள் உண்டு. சிலவற்றுக்குப் பக்கங்களே இல்லை. அவ்விடத்தையும் நூலே நிரப்புவதால் கூடுதல் நூல் கொள்ளும். எல், எம் என்பவை பரவலான இரு அளவுகள். இவற்றுள் எம் பெரியது. இயந்திரத்துக்குப் பொருந்தும் அளவையே பயன்படுத்த வேண்டும்.

இயந்திரப் பூத்தையலில் பூவேலை மேற்புறம் மட்டுமே தெரிய வேண்டும். ஆகவே கீழே மெல்லிய பாலியஸ்டர் நூலை இட்டு, மேல்நூல் சற்றுப் பின்புறம் இறங்குமாறு இழுவிசையை அமைப்பர். துண்டுத் துணிகளை இணைத்து ஒட்டுப்போர்வை தைப்பதில் நிலை வேறு. அங்கு இரு நூல்களும் சுமையைத் தாங்குவதால், மேல்நூலுக்கு இணையான பருமனும் வலிமையும் உள்ள கீழ்நூலே ஏற்றது. நூல் வகை மாறும்போது பாபின் கூட்டின் சிறு திருகை மாற்றியமைக்க வேண்டியிருக்கும்.

இறுதிக்காலம்

1874ஆம் ஆண்டில் தமது காப்புரிமக் காலத்தை மேலும் நீட்டிக்குமாறு வில்சன் அமெரிக்கக் காங்கிரசிடம் விண்ணப்பித்தார். வறுமையால் முதல் காப்புரிமத்தின் பாதியை இழந்ததையும், முதல் 14 ஆண்டுகளில் செலவுக்கு மேல் எதுவும் கிடைக்காததையும் எடுத்துரைத்தார். அடுத்து வந்த 7 ஆண்டு நீட்டிப்பில் 1,37,000 டாலர் பெற்றதாகவும் தெரிவித்தார். ஆனால் காப்புரிமக் கூட்டமைப்பால் இயந்திரங்களின் விலை குறையாமல் இருந்ததைப் பொதுமக்கள் எதிர்த்து வந்தனர். விண்ணப்பம் ஏற்கப்படவில்லை.

வில்சன் 1888 ஏப்ரல் 29 அன்று கனெக்டிகட்டின் உட்மான்ட் என்னும் ஊரில் காலமானார். இவர் பெயர் தாங்கிய நிறுவனத்தைச் சிங்கர் நிறுவனம் 1905ஆம் ஆண்டில் வாங்கியது. அதன்பின் வில்சனின் பெயர் இயந்திரங்களிலிருந்து மறைந்தது. இவர் வகுத்த கொக்கியும் பாபினும் பற்களும் பல நிறுவனங்களின் பெயர்களில் தொடர்ந்து இயங்கிவருகின்றன.