எழுத்துகளை எண்ணியவர்

எழுத்துகளைச் சேர்த்துச் சொற்களை அமைக்கும் ‘ஸ்கிராபிள்’ என்னும் பலகை விளையாட்டைச் சிறுவரும் பெரியவரும் உலகெங்கும் விரும்பி ஆடுகின்றனர். அதனை உருவாக்கியவர் ஆல்பிரட் மோஷர் பட்ஸ்.

அவர் 1899ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். கட்டடக்கலை பயின்று, அத்தொழிலையே மேற்கொண்டார். 1929இல் அந்நாட்டில் பெரும் பொருளாதார வீழ்ச்சி ஏற்பட்டது. புதிய கட்டடங்கள் எழுவது அருகியது. 1931இல் பட்ஸ் வேலையை இழந்தார்.

வேலையற்ற நாள்களை அவர் வீணாக்கவில்லை. புதிய சொல் விளையாட்டு ஒன்றை உருவாக்க முனைந்தார். எழுத்துப் பொறித்த சிறு மரவில்லைகளைக் கொண்டு ஆட வேண்டும். ஆனால், எந்த எழுத்துக்கு எத்தனை வில்லைகள்? விடை காண, நாளிதழ்ப் பக்கங்களில் ஒவ்வோர் ஆங்கில எழுத்தும் எத்தனை முறை வருகிறது எனப் பொறுமையுடன் எண்ணினார். மிகுதியாக வரும் ‘ஈ’ எழுத்து 12 வில்லைகளைப் பெற்றது. அதன் மதிப்பு 1 புள்ளி. அரிதாக வரும் ‘க்யூ’ ஒரே வில்லையைப் பெற்றது. அதன் மதிப்பு 10 புள்ளிகள். சொல்லின் இறுதியில் ‘எஸ்’ சேர்த்து எளிதில் பன்மையாக்கிவிடலாம் என்பதால், அவ்வெழுத்துக்கு 4 வில்லைகளே வைத்தார்.

1938இல் குறுக்கெழுத்துக் கட்டங்கள் கொண்ட பலகையையும் விளையாட்டில் சேர்த்தார். எனினும் விளையாட்டுப் பொருள் நிறுவனங்கள் அதனை ஏற்க மறுத்தன. பட்ஸ் மனம் தளராமல், தம் கையாலேயே செய்து நண்பர்களுக்கு அளித்துவந்தார்.

1948இல் ஜேம்ஸ் புருனோ என்பவர் பட்ஸிடமிருந்து உரிமை பெற்று, விதிகளை எளிமையாக்கி, ‘ஸ்கிராபிள்’ எனப் பெயரிட்டார். 1949இல் 2,400 பெட்டிகள் செய்தும் அவருக்கு 450 டாலர் இழப்பே நேர்ந்தது. 1952இல் நியூயார்க்கின் மேசிஸ் பேரங்காடி அதனை விற்கத் தொடங்கியதும் நிலைமை மாறியது. பெட்டிகள் இலட்சக்கணக்கில் விற்றன. பட்ஸுக்குக் கிடைத்ததோ பெட்டிக்குச் சில காசுகளே. அவர் கட்டடக்கலைப் பணியையும் கைவிடவில்லை.

பட்ஸ் 1993ஆம் ஆண்டு தம் 93ஆம் வயதில் மறைந்தார். அவர் வாழ்ந்த ஜாக்சன் ஹைட்ஸ் பகுதியின் தெருப் பெயர்ப்பலகை ஒன்றில், ஒவ்வோர் எழுத்தின் அருகிலும் அதன் புள்ளி பொறிக்கப்பட்டுள்ளது. வறுமைக் காலத்தில் ஒருவர் அமர்ந்து எண்ணிய எண்ணிக்கை, இன்றும் அவ்விளையாட்டின் அடித்தளமாக விளங்குகிறது.

செயல்பாடு

1. பட்ஸ் ‘எஸ்’ எழுத்துக்கு 4 வில்லைகளே வைத்தது ஏன்?

2. நீங்கள் வாழும் நகரின் பெயராகிய ‘திருவனந்தபுரம்’ என்பதில் 9 எழுத்துகள் உள்ளன. அவற்றைக் கொண்டு ‘வனம்’, ‘தினம்’ என்பன போன்ற சொற்களை அமைத்து எழுதுக.

3. தமிழ் எழுத்துகள் 247. தமிழ் நாளிதழில் ஒரு பத்தியைத் தேர்ந்தெடுத்து, அதில் மிகுதியாக வரும் ஐந்து எழுத்துகளை எண்ணிக் கண்டறிக. தமிழில் இவ்விளையாட்டை அமைத்தால், அவற்றுக்கு எத்தனை வில்லைகள் வைப்பீர்கள்?