டுட்டு: பென் என்வொன்வு தீட்டிய கறுப்பு முகம்

1956இல் நைஜீரியாவுக்கு வந்த இரண்டாம் எலிசபெத் அரசியை வெண்கலத்தில் வடிக்கும் பணி பென் என்வொன்வுவிடம் ஒப்படைக்கப்பட்டது. காலனி நாட்டுக் கறுப்பினக் கலைஞர் ஒருவர் முன் பிரிட்டன் அரசி அமர்ந்தது அன்று பெருஞ்செய்தி. மறு ஆண்டு சிலை காட்சிக்கு வந்தபோது, உதடுகள் தடித்துவிட்டன, அரசியை ஆப்பிரிக்கப் பெண்ணாக்கிவிட்டார் என்று பிரிட்டனில் குறை கூறினர். கடவுளர் உட்பட அனைவரையும் ஐரோப்பியர் தம் சாயலில் வரைந்த நூற்றாண்டுகளில் இப்படியொரு குறையை அவர்கள் உணர்ந்ததில்லை.

என்வொன்வு 1917இல் ஒனிட்சாவில் இக்போ குடும்பத்தில் பிறந்தவர். மரபுவழிச் சிற்பியான தந்தை இவருடைய சிறுவயதிலேயே இறந்தார். அவருடைய கருவிகள் மகனுக்கு வந்தன. லண்டன் ஸ்லேட் கலைப்பள்ளியில் பயின்ற பின்னும் அவர் அந்த மரபை உதறவில்லை. இக்போ முகமூடி ஆட்டமான அக்போகோ ம்முவோவைப் பலமுறை தீட்டினார். கன்னியரின் ஆவியைக் குறிக்கும் அம்முகமூடியின் முகம் வெண்மை. அது ஆவியுலகின் நிறம். ஆனால் அதை அணிந்து ஆடுவோர் ஆண்களே. பெண்ணழகைப் போற்றும் ஆட்டத்தில் பெண்ணுக்கு இடமில்லை என்பதை நாம் கவனியாமல் கடக்க இயலாது.

டுட்டு ஓவியத்தில் முகமூடி இல்லை. 1967 முதல் 1970 வரை நீடித்த பியாஃப்ரா போரில் இக்போ மக்கள் லட்சக்கணக்கில் மாண்டனர். பலரைக் கொன்றது பட்டினி. போர் ஓய்ந்த சில ஆண்டுகளில், இஃபே பல்கலைக்கழகப் பேராசிரியராயிருந்த என்வொன்வு, யொரூபா அரச குடும்பத்தைச் சேர்ந்த அடெடுட்டு அடெமிலுயியைக் கண்டு, அவரை வரைய இசைவு பெற்றார். கருந்தோல், நீண்ட கழுத்து, பிறர் பார்வைக்குக் கூசாத நிமிர்வு. இக்போ கலைஞர் யொரூபாப் பெண்ணைத் தீட்டிய அவ்வோவியம் பிளவுண்ட நாட்டில் இணக்கத்தின் சின்னமாயிற்று. கறுப்பை இழிவென்று கற்பித்த உலகின் முன் அதை அழகென்று நிறுத்தியதே அதன் வலிமை. எனினும், அரச குலத்துப் பெண்ணின் முகம் நாட்டின் முகமானது போல், சந்தையில் கிழங்கு விற்கும் பெண்ணின் முகம் ஏன் ஆகவில்லை என்ற கேள்வி நமக்கு எழுகிறது.

அவர் மூன்று டுட்டுகளைத் தீட்டினார். 1973இல் வரைந்த முதல் ஓவியம், அவர் மறைந்த 1994இல் திருடுபோயிற்று. 1974ஆம் ஆண்டு ஓவியம் லண்டனில் ஒரு குடியிருப்பிலிருந்து வெளிப்பட்டு, 2018இல் சுமார் 12 லட்சம் பவுண்டுக்கு ஏலம்போயிற்று. அச்சுப் படிகளோ அதற்கு நெடுங்காலம் முன்பே நைஜீரிய வீடுகளின் சுவர்களில் இடம்பிடித்திருந்தன.