குத்தகை உழவர்களின் வழக்கறிஞர்: லுயீஸ் கொம்பானிஸ்

1940 அக்டோபர் 15 விடியற்காலையில், பார்சிலோனா நகரை நோக்கி நிற்கும் மொன்ஜுயிக் கோட்டையில், ஃபிராங்கோ ஆட்சியின் துப்பாக்கிப் படை ஒருவரைச் சுட்டுக் கொன்றது. அவர் கத்தலோனியத் தன்னாட்சி அரசின் தலைவர் லுயீஸ் கொம்பானிஸ். கத்தலோனியத் தேசிய இயக்கம் அவரைத் தன் தியாகியாகப் போற்றுகிறது. ஆனால் அவருடைய அரசியலைத் தாங்கி நின்றவர்கள் சொந்த நிலமற்ற திராட்சைத் தோட்ட உழவர்கள். அவர்களை விலக்கிவிட்டு அவருடைய வாழ்வைப் புரிந்துகொள்ள இயலாது.

கொம்பானிஸ் 1882ஆம் ஆண்டு லேய்தா மாகாணத்தின் எல் தார்ரோஸ் என்னும் சிற்றூரில், நிலவுடைமைக் குடும்பத்தில் பிறந்தார். பார்சிலோனாவில் சட்டம் பயின்றபோது ஃபிரான்செஸ்க் லாய்ரெத் அவருக்கு நண்பரானார். இருவரும் மன்னராட்சியை எதிர்த்த குடியரசுவாதிகள். ஆலைத் தொழிலாளர் போராட்டங்களால் கொந்தளித்துக்கொண்டிருந்த அந்நகரில், கொம்பானிஸ் தொழிற்சங்கத்தினருக்காக நீதிமன்றங்களில் வாதாடினார். 1917இல் நகர்மன்ற உறுப்பினரானார்.

1920 நவம்பரில், தொழிற்சங்கத் தலைவர் சால்வதோர் செகி உள்ளிட்டோருடன் அவரும் கைதாகி, மெனோர்க்கா தீவின் கோட்டைச் சிறைக்கு நாடு கடத்தப்பட்டார். அக்கைதை எதிர்த்து முறையிடப் புறப்பட்ட லாய்ரெத், தம் வீட்டு வாசலிலேயே நவம்பர் 30 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். இளமையில் கால்கள் முடங்கி, ஊன்றுகோல் துணையுடன் நடந்தவர் அவர். கொலையாளிகள் முதலாளிகள் பக்கம் நின்ற துப்பாக்கிக்காரர்கள். அடுத்த சில வாரங்களில், சபதேல் தொகுதித் தொழிலாளர்கள் லாய்ரெத்தின் இடத்தில் கொம்பானிஸை நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தனர். உறுப்பினருக்குரிய சட்டப் பாதுகாப்பே அவருக்குச் சிறைக் கதவைத் திறந்தது.

நகரத்திலிருந்து அவர் கவனம் நாட்டுப்புறத்தின் மீது திரும்பியது. கத்தலோனியாவில் ‘ரபாசா மோர்த்தா’ என்றொரு குத்தகை முறை நிலவியது. ‘செத்த திராட்சைக் கட்டை’ என்பது அதன் பொருள். உழவர் தரிசைத் திருத்திக் கொடி நட்டு, விளைச்சலில் ஒரு பங்கை நிலவுடைமையாளருக்கு அளந்தாக வேண்டும். நட்ட கொடிகளில் மூன்றில் இரண்டு பங்கு பட்டுப்போனதும் குத்தகை முடிந்துவிடும். பழைய நாட்டுக் கொடிகள் பல பத்தாண்டுகள் வாழ்ந்தவை. ஆகவே உழவருக்கு அது ஏறக்குறைய வாழ்நாள் உரிமையாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஃபைலோக்சரா என்னும் வேர்ப்பூச்சி அக்கொடிகளை அழித்தது. மாற்றாக வந்த அமெரிக்க வேர்க்கட்டைகளின் ஆயுள் குறைவு. அதனுடன் குத்தகையின் ஆயுளும் குறுகியது. மண்ணைத் தோட்டமாக்கியவர்கள் எப்போது வேண்டுமானாலும் வெளியேற்றப்படலாம் என்ற நிலை உருவாயிற்று.

‘ரபசைரே’ எனப்பட்ட இவ்வுழவர்களுக்காக 1922இல் சங்கம் உருவானபோது, அதை நிறுவியவர்களுள் ஒருவராக இருந்தார் கொம்பானிஸ். அவர்களுடைய வழக்குகளை நடத்தினார். சங்கத்தின் இதழையும் பொறுப்பேற்று நடத்தினார். 1923இல் தொடங்கிய பிரிமோ தெ ரிவேராவின் சர்வாதிகார ஆண்டுகளில் இப்பணியே அவருடைய அரசியலாயிற்று.

1931 மார்ச்சில் கத்தலோனியக் குடியரசு இடதுசாரிக் கட்சி உதயமானது. ஏப்ரல் நகர்மன்றத் தேர்தல்களில் அது பெருவெற்றி பெற்றது. 14ஆம் நாள் பார்சிலோனா நகர்மன்ற மாடத்தில் நின்று கொம்பானிஸ் குடியரசைப் பிரகடனம் செய்தார். 1932இல் தன்னாட்சிச் சட்டம் கிடைத்தது. கத்தலோனிய நாடாளுமன்றத்தின் முதல் அவைத்தலைவராகவும், 1933இல் சில மாதங்கள் ஸ்பெயினின் கடற்படை அமைச்சராகவும் பணியாற்றினார். அவ்வாண்டின் இறுதியில் தலைவர் ஃபிரான்செஸ்க் மாசியா மறைந்ததும், தன்னாட்சி அரசின் தலைமை அவரிடம் வந்தது.

1934 மார்ச்சில் கத்தலோனிய நாடாளுமன்றம் பயிர்க் குத்தகைச் சட்டத்தை நிறைவேற்றியது. குத்தகைக்குக் குறைந்தது ஆறு ஆண்டுக் காலம் உறுதி செய்யப்பட்டது. பதினெட்டு ஆண்டுகள் தொடர்ந்து பயிரிட்டவர் அந்நிலத்தை விலைக்கு வாங்கும் உரிமையும் பெற்றார். எவருடைய நிலத்தையும் இழப்பீடின்றிப் பறிக்காத மிதமான சீர்திருத்தமே அது. ஆயினும் நிலவுடைமையாளர்கள் அதைப் பொறுக்கவில்லை.

அவர்களுடைய குரலாக இருந்த ‘லீகா’ கட்சி, பல்லாண்டுகள் கத்தலோனியத் தன்னாட்சி பேசிய கட்சி. நிலத்தின் மீது கை வைக்கப்பட்டதும், தன் நாட்டு நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை முறியடிக்க அதே கட்சி மத்ரித்தின் துணையை நாடியது. வழக்கில் உழவரின் வறுமை பேசப்படவில்லை. குத்தகைச் சட்டம் இயற்றக் கத்தலோனியாவுக்கு அதிகாரம் உண்டா என்பதே கேள்வியாக்கப்பட்டது. ஜூன் 8 அன்று அரசியலமைப்புத் தீர்ப்பாயம் சட்டத்தைச் செல்லாததாக்கியது. நான்கே நாள்களில் கத்தலோனிய நாடாளுமன்றம் அதே சட்டத்தை மீண்டும் நிறைவேற்றியது.

அக்டோபரில் வலதுசாரி சேதா கட்சியினர் மத்திய அமைச்சரவையில் இடம்பெற்றனர். அக்டோபர் 6 மாலை, ஸ்பானியக் கூட்டாட்சிக் குடியரசுக்குள் கத்தலோனிய அரசைக் கொம்பானிஸ் அறிவித்தார். ஆயத்தமற்ற எழுச்சி அது. வலுவான அராஜகவாதத் தொழிற்சங்கம் அதில் சேரவில்லை. மறுநாள் காலையில் அவர் சரணடைந்தார். முப்பதாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. தன்னாட்சி முடக்கப்பட்டது, குத்தகை உழவர்கள் பலர் நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டனர். தலைவரின் தவறான கணிப்புக்குக் கடும் விலை கொடுத்தவர்கள் அவர்களே.

1936 பிப்ரவரியில் மக்கள் முன்னணி வென்றதும் அவர் விடுதலையாகிப் பதவிக்குத் திரும்பினார். ஜூலையில் இராணுவக் கலகம் வெடித்தது. ஆயுதம் ஏந்திய தொழிலாளர்களும் குடியரசுக்கு விசுவாசமான காவல் படைகளும் பார்சிலோனாவில் அதை முறியடித்தனர். ஆனால் தெருவின் அதிகாரம் அரசின் கையில் இல்லை. போர்க் காலத்தில் கத்தலோனியாவில், பாதிரியார்கள் உட்பட எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் போர்முனைக்கு வெளியே கொல்லப்பட்டனர். ஆபத்திலிருந்த பல்லாயிரவர் நாட்டைவிட்டு வெளியேற அவருடைய அரசு உதவியது. கொலைகளை நிறுத்த அதனால் இயலவில்லை. அவரைப் போற்றுவோரும் இக்கணக்கைக் கடந்து செல்லலாகாது.

1939 பிப்ரவரியில் அவர் பிரான்சுக்குள் புகலிடம் தேடினார். மனநோயுற்ற அவருடைய மகன் அங்கே சிகிச்சையில் இருந்தார். ஜெர்மானியப் படையெடுப்பின் குழப்பத்தில் மகன் இருக்குமிடம் தெரியாமற்போனது. அவரைத் தேடும் நம்பிக்கையில், தப்பிச் செல்லும் வாய்ப்பைக் கொம்பானிஸ் கைவிட்டார். 1940 ஆகஸ்டில் நாஜிக்கள் அவரைக் கைது செய்து ஃபிராங்கோவிடம் ஒப்படைத்தனர். மத்ரித்தில் வதைக்கப்பட்ட பின், இராணுவ நீதிமன்றம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான விசாரணையில் அவருக்கு மரண தண்டனை விதித்தது. குற்றச்சாட்டு, இராணுவக் கலகத்தில் ஈடுபட்டது. சாட்டியவர்கள், அக்கலகத்தை நடத்தியவர்களே.

ஃபிராங்கோ கால நீதிமன்றங்களின் அரசியல் தீர்ப்புகளை 2022ஆம் ஆண்டின் ஜனநாயக நினைவுச் சட்டம் செல்லாதவை என அறிவித்தது. அவர் கொல்லப்பட்ட குன்றில் இன்றுள்ள ஒலிம்பிக் அரங்கம் அவர் பெயரைத் தாங்குகிறது. அப்பெயரை உச்சரிப்போர் 1934இன் குத்தகைச் சட்டத்தையும் நினைவிற்கொள்ள வேண்டும். தன்னாட்சி என்னும் சொல்லின் உண்மைப் பொருள் யாருக்கு என்ன என்பதை அச்சட்டத்தின் மீதான மோதலே வெளிப்படுத்தியது. நிலமுடையோர் தம் நிலத்தைக் காக்கத் தம் நாட்டின் நாடாளுமன்றத்தையே கைவிட்டனர். நிலமற்றோருக்கோ அந்த நாடாளுமன்றத்தைத் தவிர வேறு புகலிடம் இருக்கவில்லை.