பிறந்த ஊரும் புகுந்த ஊரும்
(அர்ச். அருளானந்தர் சரிதையிலிருந்து)

பிறந்த மண்ணை விட்டுப் போவதா, இருப்பதா என்னும் கேள்வி எழாத வீடு நம்மிடையே வெகு சிலவே. பிள்ளை ஒரு பக்கம், தாய் ஒரு பக்கம் நின்று தவிக்கும் அந்த வேளையில், அர்ச். அருளானந்தருடைய சரிதையைச் சற்று நினைத்துப் பார்ப்பது நன்று. இக்கேள்வி அவர் வாழ்விலே ஒரு முறையல்ல, இரு முறை எழுந்தது.

அருளப்பர் தே பிரித்தோ என்பது அவர் இயற்பெயர். 1647-ம் வருஷம் மார்ச் மாதம் 1-ந் தேதி போர்த்துக்கல் தேசத்து லிஸ்பன் நகரில், உயர்ந்த பிரபு குடும்பத்தில் பிறந்தார். அவர் சிறுவனாயிருக்கையிலேயே, பிரேசில் தேசத்தில் உத்தியோகம் பார்த்த தகப்பனார் காலஞ்சென்றார். அரண்மனையில் இளவரசர் பேதுருவுக்குத் தோழனாக வளர்ந்தார். ஒரு சமயம் கடும் வியாதியால் சாகக் கிடந்தபோது, தாயார் அர்ச். சவேரியாரை வேண்டி, மகன் பிழைத்தால் ஒரு வருஷம் சேசு சபை உடை தரிப்பான் என்று நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தது. நேர்ச்சைக்காகத் தரித்த அந்த உடையை, 1662-ல் தமது 15-ம் வயதில் அவர் தாமாகவே தேடிப்போய் நிரந்தரமாகத் தரித்துக்கொண்டார்.

1673-ல் குருப்பட்டம் பெற்றதும் இந்தியாவுக்குப் போக உத்தரவு கேட்டார். தாயார் கலங்கிப் போனார். மகனைத் தடுக்கத் தம்மால் இயன்றதெல்லாம் செய்து பார்த்தார். அந்தத் தாயை நாம் குறை சொல்லலாகாது. அக்காலத்தில் கப்பலேறிப் போனவர்கள் திரும்பி வருவது அரிது. ஆயினும் மகன் புறப்பட்டார்.

மதுரை மிஷனில் அவர் காவி உடை தரித்து, புலால் நீக்கி, பண்டார சுவாமியாக ஊர் ஊராய் நடந்தார். அருளானந்தர் என்ற பெயரும் அங்கே வந்ததுதான். 1686-ல் மறவர் சீமையில் உபதேசியார்களோடு பிடிபட்டு, கொடிய வாதைகள் அனுபவித்தார். இராமநாதபுரம் சேதுபதி அவரை விடுவித்தபோது, இனித் தமது நாட்டில் போதித்தால் மரணமே என்று எச்சரித்தார்.

அவரோ திரும்பவும் அங்கே போகவே விரும்பினார். அச்சமயம் மேலதிகாரிகள், மிஷன் காரியமாக அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். இருக்க விரும்பிய இடத்தை விட்டு, கீழ்ப்படிதலின்பேரில் பிறந்த ஊருக்கே போக வேண்டியதாயிற்று.

1688-ல் லிஸ்பன் சேர்ந்தார். பதினைந்து வருஷம் பிரிந்திருந்த தாயார் உயிரோடிருந்தார். பால்ய சினேகிதரான பேதுரு இப்போது அரசர். அவர் தம் மகனுக்குப் போதகராக அருளானந்தரை அங்கேயே நிறுத்திக்கொள்ள ஆசைப்பட்டார். இங்கேயிருந்தும் மிஷனுக்கு உதவலாமே என்று நல்லதொரு நியாயம் சொல்லித் தங்கிவிடுவது எவருக்கும் எளிது. அதை யாரும் பாவம் என்று சொல்லப் போவதில்லை. ஆனால் அவர் நெஞ்சம், வாதைப்பட்ட அந்தச் செம்மண் சீமையிலுள்ள கிறிஸ்தவர்களிடமே இருந்தது. அரண்மனை நகரிலும் மதுரை நாட்டு எளிய உணவையே உண்டு, தரையிலேயே படுத்தார். 1690-ல் மறுபடியும் கப்பலேறினார்.

மறவர் சீமையில் தடியத்தேவர் என்னும் பிரபு, நோய் நீங்கி ஞானஸ்நானம் கேட்டார். ஒரே மனைவியோடு வாழச் சம்மதித்தபின் 1693 ஜனவரியில் ஞானஸ்நானம் பெற்றார். விலக்கப்பட்ட மனைவியரில் ஒருத்தி சேதுபதியின் உறவினள். அவள் முறையீட்டால் அருளானந்தர் பிடிபட்டு, ஓரியூருக்கு அனுப்பப்பட்டார். கரியைக் கரைத்து மையாக்கிக் கடைசிக் கடிதங்கள் எழுதினார். பெப்ருவரி 4-ந் தேதி, தமது 45-ம் வயதில், தலை வெட்டுண்டு வேதசாட்சியானார். செய்தி லிஸ்பனை எட்டியபோது, ஒருகாலத்தில் மகனைத் தடுத்த அந்தத் தாயார் துக்க உடை தரியாமல், திருநாள் உடை அணிந்து அரண்மனைக்கு வந்தார். 1947-ல் திருச்சபை அவரை அர்ச்சியசிஷ்டவராகப் பிரசித்தப்படுத்தியது.

அன்பான பெற்றோரே, பிள்ளைகளே! ஊரை விட்டுப் போவது தன்னிலே புண்ணியமுமல்ல, வீட்டோடு இருப்பது குறையுமல்ல. வயதான பெற்றோரைப் பேணத் தங்கிய மகனும் தன் கடமையையே செய்கிறான். போகிறவன், சம்பளத்தை மட்டுமா, தன்னை நம்பியிருப்போரையுமா எண்ணிப் போகிறான்? இருக்கிறவன், அன்பினால் இருக்கிறானா, அச்சத்தினால் இருக்கிறானா? இந்த இரண்டையும் சர்வேசுரன் சந்நிதியில் கேட்டுப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள். தாய்மாரே, நீங்களும் அந்த லிஸ்பன் தாயைப் போல முதலில் அழலாம். ஆனால் முடிவில், பிள்ளையை ஆசீர்வதித்து அனுப்பும் கையும் உங்களுடையதாயிருக்கட்டும்.